கடுதாசிக் கூடைக்கும் ஒரு வரலாறு உண்டு



மலருக்கு ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருத்தர் கட்டுரை தரணும் என்று கூட்டத்துல சொன்னப்ப, எங்க குழுவுல எல்லாரும் என் பக்கம் கையைக் காட்டிட்டாங்க. தீர்மான நோட்டு எழுதுறது நான்தான், அதனால கட்டுரையும் நான்தான் எழுதணுமாம். "வரலாறு பத்தி எழுது"ன்னாங்க. நம்ம கீழப்பழுவூருக்கு வரலாறுன்னா எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது ஆலந்துறையார் கோயிலும் பழுவேட்டரையரும்தான். சம்பந்தர் பாடின தலம். மேலப்பழுவூர், கீழப்பழுவூர் ரெண்டு ஊர்லயும் கல்வெட்டு இருக்கு. யார் எவ்வளவு பொன் கொடுத்தாங்க, எந்த விளக்கு எரிய எத்தனை ஆடு விட்டாங்க என்று சோழர் காலத்துல கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. ஆயிரம் வருஷம் ஆகியும் அந்தக் கணக்கு நிக்குது.

ஆனா அதை எழுத எனக்குப் படிப்பு பத்தாது. அதனால கல்லை விட்டுட்டுக் காகிதத்தைப் பத்தி எழுதுறேன். எங்க அப்பாயி செஞ்ச ஒரு கடுதாசிக் கூடையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அப்பாயி வீட்டுக் கூடை

எங்க அப்பாயி வீட்டு அடுப்பங்கரைப் பரண்ல மூணு கூடை இருக்கும். ஒண்ணுல உளுந்து, ஒண்ணுல வத்தல் வடகம், ஒண்ணுல புளி. பார்த்தா மண் சட்டி மாதிரி இருக்கும், தூக்கினா கனமே இருக்காது. வெளியில காவியும் ஓரத்துல மஞ்சளும் பூசியிருக்கும். அது மூங்கில் கூடையும் இல்லை, பனையோலைக் கூடையும் இல்லை. முழுக்க முழுக்கப் பழைய கடுதாசி. எங்க அப்பா, சித்தப்பா, அத்தை எல்லாரும் படிச்சு முடிச்ச பள்ளிக்கூட நோட்டு, கடையில சாமான் கட்டிக் கொடுத்த காகிதம், பழைய காலண்டர் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கூடை.

செய்முறை இதுதான். நம்மள்ல அம்பது வயசுக்கு மேல இருக்கிற அக்காமார்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சின்னப் பிள்ளைகளுக்காக எழுதுறேன்.

காகிதத்தைச் சின்னச் சின்னதாக் கிழிச்சு ஒரு பானைத் தண்ணியில மூணு நாலு நாள் ஊறப் போடணும். தினமும் தண்ணியை மாத்தணும், இல்லேன்னா நாத்தம் எடுக்கும். வெந்தயத்தைத் தனியா ராத்திரி ஊற வைக்கணும். மறுநாள் காகிதத்தைப் பிழிஞ்சு, வெந்தயத்தோட சேர்த்து ஆட்டுக்கல்லுல போட்டு வெண்ணெய் மாதிரி ஆட்டணும். வெந்தயத்துல இருக்கிற வழவழப்புதான் பசை. அதோட கசப்புக்குப் பூச்சியும் சீக்கிரம் அண்டாது. சிலர் வேப்பிலையும் சேர்த்து அரைப்பாங்க. அப்புறம் ஒரு தவலையையோ பானையையோ கவுத்து வச்சு, மேல ஈரத்துணி போர்த்தி, கூழை ஒரு விரல் கனத்துக்கு அப்பணும். ஒரு பக்கம் கனமாவும் ஒரு பக்கம் லேசாவும் இருந்தா காயும்போது வெடிச்சிடும். பாதி காஞ்சதும் வழவழப்பான கூழாங்கல்லால தேய்ச்சு விடணும். நல்லா காஞ்ச பிறகு பானையிலிருந்து கழட்டி உள்பக்கமும் வெயில் காட்டணும்.

மூங்கில் முறத்துலயும் கூடையிலயும் இடுக்கு வழியா தானியம் சிந்தாம இருக்க, இதே கூழைப் பூசி மெழுகுறதும் உண்டு. இதுக்கெல்லாம் யாரும் பயிற்சி வகுப்பு நடத்தலை. மாமியார்கிட்ட மருமகளும் அம்மாகிட்ட மகளும் பார்த்துப் பழகினதுதான். எங்க அப்பாயிகிட்ட "இதை யாரு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தா?"ன்னு கேட்டா, "இது என்ன பெரிய வேலையா, சும்மா கெடக்கிற நேரத்துல செய்யறது"ன்னு சொல்லுவாங்க. அவங்க சும்மா கிடந்து நான் பார்த்ததே இல்லை.

கடுதாசி நம்ம பக்கம் வந்த கதை

நம்ம முன்னோர் எழுதினது பனையோலையில. ராஜாவோட கணக்கு கல்லுலயும் செப்பேட்டுலயும் இருந்தது. காகிதம் என்பது சீன நாட்டுல பிறந்தது. கி.பி. 105-ல் சாய் லுன் என்கிற அரண்மனை அதிகாரி காகிதம் செய்யும் முறையைத் தன் அரசரிடம் சொன்னதாக வரலாற்றுல எழுதியிருக்கு. அவர் எடுத்த மூலப்பொருள் என்ன தெரியுமா? மரப்பட்டை, கிழிஞ்ச துணி, பழைய மீன்வலை. எல்லாம் மத்தவங்க தூக்கி எறிஞ்சது. ஆக, காகிதம் பிறந்ததே கழிவிலிருந்துதான்.

அங்கிருந்து பல நாடு தாண்டி, நம்ம நாட்டுல காஷ்மீருக்கு 15-ம் நூற்றாண்டுல அந்தத் தொழில் வந்து நல்லா வளர்ந்தது. வடக்கே காகிதம் செய்யறவங்களுக்குக் "காகசி" என்றே குலப்பெயர் வந்துவிட்டது. ஜெய்ப்பூர் பக்கத்துல சாங்கானேர் என்ற ஊர்ல அவங்க இன்றைக்கும் கையாலயே காகிதம் செய்யறாங்க.

நம்ம பக்கத்துக் கதை இன்னும் சுவாரசியமானது. இங்கிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை தாண்டிப் போனா தரங்கம்பாடி வரும். 1706-ல் சீகன்பால்கு என்ற பாதிரியார் அங்கே கப்பல்ல வந்து இறங்கினார். அவர் தமிழ் படிச்சு, தமிழ்ல புத்தகம் அச்சடிக்க ஆசைப்பட்டார். 1712-ல் அச்சு இயந்திரம் வந்தது. அடுத்து தமிழ் எழுத்து அச்சும் வந்தது. 1715-ல் பைபிளோட புதிய ஏற்பாடு தமிழ்ல அச்சாகி முடிஞ்சது. இயந்திரம் இருக்கு, எழுத்து இருக்கு, ஆனா காகிதம் ஐரோப்பாவிலிருந்து கப்பல்ல வரணும். கப்பல் வர மாசக்கணக்கா ஆகும். அதனால பக்கத்துல பொறையாறுல ஒரு காகிதப் பட்டறையே போட்டாங்க. அது ரொம்ப காலம் நிலைக்கலை. ஆனா அந்த இடத்துக்குக் "கடுதாசிப் பட்டறை" என்ற பெயர் நின்னுபோச்சு.

இதைப் படிச்சப்ப எனக்கு ஒரே ஆச்சரியம். நம்ம அப்பாயிமார் சொன்ன அதே வார்த்தை, கடுதாசி! முந்நூறு வருஷத்துக்கு முன்னாலயே நம்ம காவிரிக் கரையில கடுதாசி செய்ய ஒரு பட்டறை இருந்திருக்கு.

பிறகு பள்ளிக்கூடம், தபால், செய்தித்தாள் எல்லாம் வந்து, காகிதம் கிராமத்து வீட்டுக்குள்ளயும் புழங்க ஆரம்பிச்சது. படிச்சு முடிச்ச காகிதத்தை என்ன செய்யறது? ஆம்பளைங்க அதை எடைக்குப் போட்டாங்க. பொம்பளைங்க அதை ஊற வச்சாங்க.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை நமக்கெல்லாம் தெரியும். களிமண்ணாலயும் காகிதக் கூழாலயும் செய்யறது. விழுப்புரம் பக்கம் கொலு பொம்மைகளைக் காகிதக் கூழ்லயே செய்யறாங்க. மண் பொம்மை மாதிரி கனக்காது, கீழே விழுந்தா சட்டுன்னு உடையாது. திருவிழாவுல ஆடுற பொய்க்கால் குதிரைக்கூட்டுக்கும் காகிதமும் அட்டையும் ஒட்டித்தான் உடம்பு கொடுக்கிறாங்க. இதுக்கெல்லாம் பெயர் இருக்கு, விலை இருக்கு. தலையாட்டி பொம்மைக்குப் புவிசார் குறியீடு கூட வாங்கியாச்சு. அப்பாயி செஞ்ச கூடைக்கு மட்டும் பெயரும் இல்லை, விலையும் இல்லை. வீட்டுக்குள்ள செஞ்சு வீட்டுக்குள்ள புழங்கினது என்பதால அதை யாரும் தொழில்னு நினைக்கலை.

தஞ்சாவூர்க்காரர் ஒருத்தர் சொன்னது

கைத்தொழிலை மதிக்கணும்னு சொன்ன ஒரு பெரியவர் நம்ம பக்கத்து தஞ்சாவூர்லயே பிறந்தார். அவர் ஜே.சி. குமரப்பா. பிறந்தது 1892 ஜனவரி 4. லண்டன்ல கணக்குத் தணிக்கை படிச்சார், அமெரிக்காவுல பொருளாதாரம் படிச்சார், பம்பாயில ஆடிட்டரா நல்லாச் சம்பாதிச்சார். 1929-ல் காந்தியைச் சந்திச்ச பிறகு கோட்டு சூட்டை விட்டுட்டுக் கதர் கட்டினார். 1934-ல் காந்தி, அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை ஆரம்பிச்சப்ப அதுக்குச் செயலாளரா இருந்தவர் இவர்தான். வார்தாவுல அந்தச் சங்கம் கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், வெல்லம், தேனீ வளர்ப்பு எல்லாத்தையும் கையில எடுத்தது. அந்த வரிசையில கைக்காகிதமும் ஒண்ணு.

குமரப்பா ஒரு கணக்கர். அதனால அவர் எதையும் கணக்காத்தான் பார்த்தார். ஒரு பொருளை வாங்கினா நாம கொடுக்கிற காசு யார் கைக்குப் போகுது, ஊருக்குள்ள நிக்குதா, வெளியே போயிடுதா என்று கேட்டார். 1945-ல் அவர் எழுதின புத்தகம் "நிலைத்த பொருளாதாரம்" பத்தினது. இயற்கையில இருந்து எடுக்கிறதைத் திருப்பியும் கொடுக்கணும், அப்பதான் நிலைக்கும் என்கிறது அதோட சாரம். அம்மா பிள்ளைக்குச் செய்யற வேலைதான் எல்லாத்துலயும் உயர்ந்த பொருளாதாரம், ஏன்னா அது கூலியை எதிர்பார்க்காத சேவை என்றும் சொன்னார். படிக்கும்போது சந்தோஷமா இருந்தது. ஆனா ஒரு சந்தேகமும் வந்தது. கூலி எதிர்பார்க்காத வேலை உயர்ந்ததுன்னு சொல்லியே நம்மை ஆயுசு பூரா கூலி இல்லாம வச்சிட்டாங்களோ? இதைப் பத்திக் கீழே சொல்றேன்.

கடைசிக் காலத்துல குமரப்பா மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமத்துல தங்கினார். 1960 ஜனவரி 30-ந் தேதி, காந்தி இறந்த அதே தேதியில காலமானார். சாங்கானேர்ல இருக்கிற தேசியக் கைக்காகித நிறுவனத்துக்கு அவர் பெயரைத்தான் வச்சிருக்காங்க.

புதுச்சேரியும் ஆரோவில்லும்

கையால காகிதம் செய்யறதை நேர்ல பார்க்கணும்னா நாம வடக்கே போக வேண்டாம். புதுச்சேரியில அரவிந்தர் ஆசிரமத்தோட கைக்காகிதத் தொழிற்கூடம் இருக்கு. 1959-ல் ஆரம்பிச்சது. அங்கே மரம் வெட்டறது கிடையாது. பனியன், துணி தைக்கிற இடத்துல மிச்சமாகிற பருத்தித் துணிதான் மூலப்பொருள்.

துணியைத் தரம் பிரிச்சு, பொத்தான், நூல் முடிச்சு எல்லாம் எடுத்துட்டு, சின்னதா வெட்டி, தண்ணியோட இயந்திரத்துல போட்டு மணிக்கணக்கா அடிப்பாங்க. கூழ் மோர் மாதிரி ஆகும். சல்லடைச் சட்டத்தை அந்தத் தண்ணித் தொட்டியில முக்கி எடுத்தா, தண்ணி வடிஞ்சு மேல ஒரு ஏடு நிக்கும். நாம பால்ல ஏடு எடுக்கிற மாதிரிதான். அந்த ஏட்டை ஈரத்துணி மேல கவுத்து, அது மேல இன்னொரு துணி, மறுபடியும் ஒரு ஏடுன்னு அடுக்கி, அழுத்தித் தண்ணியைப் பிழிவாங்க. அப்புறம் துணி காயப்போடுற மாதிரி தொங்கவிட்டுக் காய வைப்பாங்க. பூ இதழ், வைக்கோல், உமி கூட சேர்த்து அழகான தாள் செய்யறாங்க. அதுல வாழ்த்து அட்டை, நோட்டு, பை, விளக்குக் கூடு எல்லாம் செஞ்சு விக்கிறாங்க.

அதுக்குப் பக்கத்துலதான் ஆரோவில். 2004 டிசம்பர் 26 சுனாமியை நாம யாரும் மறக்க முடியாது. அதுக்குப் பிறகு அந்தப் பக்கத்துக் கிராமப் பெண்களுக்கு ஒரு வருமானம் வேணும் என்று சில அமைப்புகள் பயிற்சி கொடுக்க ஆரம்பிச்சாங்க. அதுல ஒண்ணு "வெல் பேப்பர்". பழைய செய்தித்தாளைக் குச்சி மாதிரி சுருட்டி, வளைச்சு, ஒட்டி, கூடை, தட்டு, கிண்ணம் எல்லாம் செய்யக் கத்துக் கொடுத்தாங்க. புது மூலப்பொருள் எதுவும் வாங்க வேண்டாம், பெரிய இயந்திரம் வேண்டாம், கரண்ட் போனாலும் வேலை நிக்காது. நம்மளை மாதிரிக் கிராமத்துப் பெண்கள் செஞ்ச அந்தப் பொருள் வெளிநாட்டுக்காரங்க வீட்டு மேசைக்கும் போகுது.

அங்கே செய்யறதுக்கும் அப்பாயி செஞ்சதுக்கும் அடிப்படையில என்ன வித்தியாசம்? ரெண்டுமே பழைய காகிதம், ரெண்டுமே பெண்களோட கை. அங்கே ஒரு பொருளுக்கு எத்தனை நேரம் ஆகுது, என்ன விலை, யார்கிட்ட விக்கிறது என்று எழுதி வச்சாங்க. அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நமக்குத் தெரியும். அப்படியும் நாம எழுதலை.

எங்க குழுவுக்கு வந்த பாடம்

தமிழ்நாட்டுல 1989-ல் தர்மபுரி மாவட்டத்துலதான் மகளிர் குழுக்கள் முதல்ல ஆரம்பிச்சாங்க என்று நமக்குப் பயிற்சியில சொல்லிக் கொடுத்திருக்காங்க. 1997-ல் மகளிர் திட்டம் வந்து மத்த மாவட்டங்களுக்கும் பரவினது. சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் எல்லாம் நமக்குப் பழகிப்போச்சு. ஆனா கடன் வாங்கி என்ன தொழில் செய்யறது என்பதுதான் இன்னைக்கும் கேள்வி.

2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை உபயோகிச்சுத் தூக்கிப்போடுற பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு அரசு தடை செஞ்சது. கடைக்காரங்க எல்லாம் பைக்கு என்ன பண்றதுன்னு திண்டாடினாங்க. இதுதான் சமயம்னு எங்க குழுவுல அஞ்சு பேர் காகிதக் கவர் செய்ய முடிவு பண்ணினோம். பத்து நாள் பயிற்சிக்குப் போனோம். கவர், கோப்பு அட்டை, உறை எல்லாம் கத்துக்கிட்டோம். அந்தப் பத்து நாளும் கல்யாண வீட்டுக்குப் போன மாதிரி இருந்தது. ஆளுக்கு ஒரு கத்திரிக்கோல், வண்ணத்தாள், பசை. நாப்பத்தஞ்சு வயசு அக்கா ஒருத்தர் முதல் பூ செஞ்சு முடிச்சதும் அதைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "சோறு ஆக்கினா ராத்திரிக்குள்ள காலியாயிடும். துணி துவைச்சா மறுநாள் அழுக்காயிடும். நான் செஞ்சது ஒண்ணு அப்படியே இருக்கிறது இதுதான்டி"ன்னாங்க. அந்த வார்த்தை எனக்கு இன்னும் மறக்கலை.

ஊருக்கு வந்து உள்கடன் எடுத்துச் செய்தித்தாளும் பசைக்கு மைதாவும் வாங்கினோம். மாசம் பூரா மத்தியான நேரத்துல உட்கார்ந்து ஒட்டினோம். கட்டுக் கட்டா அடுக்கினோம். கொண்டு போனா, கடைக்காரங்க சொன்ன விலைக்கு எங்க கூலி நூறுநாள் வேலைக் கூலியில கால் பங்கு கூட வரலை. டவுன்ல மிஷின்ல செஞ்ச கவர் எங்களுதை விட மலிவா வந்துடுச்சு. பஜ்ஜி, வடை கடைக்குக் கொடுக்கலாம்னா, அச்சு மை சாப்பாட்டுல ஒட்டும், செய்தித்தாள்ல தின்பண்டம் மடிக்கக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்புத் துறையே சொல்லியிருக்கு. பயிற்சி கொடுத்த இடத்துல செய்யறதைச் சொன்னாங்க, விக்கிறதைச் சொல்லலை. எங்களுக்கும் கேக்கத் தோணலை.

விக்காத கட்டுகளை ஒரு வீட்டுத் திண்ணை அறையில வச்சோம். ஐப்பசி மழை கழிஞ்சு எடுத்துப் பார்த்தா ராமபாணப் பூச்சி அரிச்சு வச்சிருக்கு. மைதாப் பசை அதுக்கு விருந்து மாதிரி. கடன் மட்டும் மிச்சம். அஞ்சு பேரும் களை வெட்டின கூலியில மாசா மாசம் கட்டி முடிச்சோம். வீட்டுல கேலி பண்ணாத ஆள் இல்லை. "கடுதாசி ஒட்டப் போறேன்னு போனவங்க"ன்னே எங்களுக்குப் பெயர் ஆகிப்போச்சு. குழுவையே விட்டுடலாமான்னு ரெண்டு பேர் யோசிச்சாங்க.

அரிச்ச கவரை எரிக்கலாம்னு வெளியில போட்டப்ப, அதே தெருவுல எழுபது வயசுக்கு மேல ஆன ஒரு அப்பாயி வந்து பார்த்தாங்க. "ஏன்டி எரிக்கிறீங்க? வெந்தயம் போட்டிருந்தா இது வந்திருக்குமா? இதை ஊறப் போடுங்கடி"ன்னாங்க.

அப்பதான் எனக்கு எங்க அப்பாயி பரண் ஞாபகம் வந்தது. எங்க அப்பாயி அதுக்குள்ள காலமாயிட்டாங்க. கூடையும் வீடு இடிச்சுக் கட்டும்போது போயிடுச்சு. சின்ன வயசுல நூறு தடவை பக்கத்துல உட்கார்ந்து பார்த்த வேலைதான். ஆனா எவ்வளவு கூழுக்கு எவ்வளவு வெந்தயம் என்று யோசிச்சா எனக்குத் தெரியலை. ஒரு தடவையாவது கேட்டு நோட்டுல எழுதியிருக்கலாம். எழுதலை.

அந்தத் தெரு அப்பாயிதான் கத்துக் கொடுத்தாங்க. ஒரு படி கூழுக்கு ரெண்டு கைப்பிடி வெந்தயம். கிரைண்டர்ல போட்டா சீக்கிரம் அரைஞ்சுடும், ஆனா ரொம்ப நைஸா போனா கூடை பலமா இருக்காது, கொஞ்சம் நார் நிக்கணும். முதல்ல செஞ்ச ஆறு கூடையில நாலு வெடிச்சுப் போச்சு. நேர் வெயில்ல வச்சது தப்பு, முதல் நாள் நிழல்ல காயணும்னு சொன்னாங்க. அடுத்த தடவை சரியா வந்தது. கவர், கோப்பு ஒட்டுற மைதாப் பசையில மட்டும் துளி மயில்துத்தம் கலந்தா பூச்சி வராது. ஆனா அது விஷம், சாப்பாட்டுப் பொருள் வைக்கிற கூடையில போடவே கூடாதுன்னும் சொன்னாங்க. இதையெல்லாம் தீர்மான நோட்டோட கடைசிப் பக்கத்துல தேதி போட்டு, அவங்க பெயரையும் போட்டு எழுதி வச்சேன். "என் பேரை எதுக்குடி எழுதுற"ன்னு வெட்கப்பட்டாங்க. ஆனா எழுதி முடிக்கிற வரைக்கும் எழுந்து போகலை.

கணக்கு

நாங்க இப்ப ஒரு வழக்கம் வச்சிருக்கோம். ஒரு கூடை செஞ்சா, கிழிக்க, அரைக்க, அப்ப, தேய்க்க, வண்ணம் பூச எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எழுதறோம். காயற நாளைக் கணக்குல சேர்க்கிறது இல்லை, கை வேலை செஞ்ச நேரம் மட்டும். நடுத்தரக் கூடைக்கு மூணு மணி நேரம் ஆகுது. அந்த மூணு மணி நேரத்துக்குக் களை வெட்டப் போயிருந்தா என்ன கூலியோ, அதுக்குக் கீழே கூடையைக் கொடுக்கிறது இல்லை. இந்த விலைக்கு ஊர்ல யாரும் வாங்கலை. ஆனா பொங்கல் சமயத்துல குழுக்களோட விற்பனைக் கண்காட்சியில வச்சப்ப டவுன்காரங்க வாங்கினாங்க. நிறைய இல்லை. வாங்கினவங்க விலையைப் பத்தி ஒண்ணும் பேசலை. இதை வச்சு வீட்டைக் கட்டிடலாம்னு நான் பொய் சொல்ல மாட்டேன். வருஷத்துல சில மாசம் கைச்செலவுக்கு வருது. ஆனா எங்க நேரத்துக்கு ஒரு விலை இருக்குன்னு எங்களுக்கே தெரிஞ்சது இதுலதான்.

மேலே குமரப்பா சொன்னதுல சந்தேகம்னு சொன்னேனே, அதுக்கு எனக்குத் தோணுற பதில் இதுதான். பேரனுக்கு அப்பாயி கூழ்ல பொம்மை செஞ்சு கொடுத்தா அதுக்குக் கூலி கேக்க மாட்டாங்க, கேக்கவும் கூடாது. ஆனா அதே கை விக்கிறதுக்காகச் செய்யும்போது, "சும்மா கெடக்கிற நேரத்துல செய்யறது"ன்னு சொல்லி விலையைக் குறைக்க யாரையும் விடக்கூடாது. குமரப்பாவும் காசு யார் கைக்குப் போகுதுன்னுதானே கேட்டார்? நாமளும் அதையே கேப்போம்.

வருமானத்துக்கு அப்பாலயும் ஒண்ணு இருக்கு. இங்கிலாந்துல மேரி டெலானின்னு ஒரு அம்மா இருந்தாங்க. புருஷனை இழந்த பிறகு, எழுபது வயசைத் தாண்டின காலத்துல, வண்ணத்தாளைக் கத்திரிக்கோலால வெட்டி ஒட்டிப் பூக்களைச் செய்ய ஆரம்பிச்சாங்க. இதழ், காம்பு, நரம்பு எல்லாம் தனித்தனித் துண்டு. 1782 வாக்கில் கண் பார்வை மங்குற வரைக்கும் ஏறக்குறைய பத்து வருஷத்துல 985 பூ. எல்லாம் இன்னைக்கு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. அந்த அம்மா ஒவ்வொண்ணுலயும் பூவோட பெயரையும் செஞ்ச தேதியையும் எழுதி வச்சிருந்தாங்க. அதைப் படிச்சப்ப எனக்கு அப்பாயிமார் ஞாபகம்தான் வந்தது. அவங்க கையிலயும் அந்தத் திறமை இருந்தது. எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

ஒரு வேண்டுகோள்

ஆலந்துறையார் கோயிலுக்குப் போறப்பல்லாம் கல்வெட்டைப் பார்க்கிறேன். விளக்குக்கு எண்ணெய் கொடுத்ததைக் கூட அந்தக் காலத்துல எழுதி வச்சாங்க. நம்மகிட்ட கல் வேண்டாம், ஒரு நோட்டு போதும்.

இந்த மலரைப் படிக்கிற ஒவ்வொரு குழுவும் ஒரு வேலை செய்யணும்னு கேட்டுக்கிறேன். உங்க தெருவுல வயசான அப்பாயி, அம்மாச்சி யார் இருக்காங்களோ அவங்ககிட்ட உட்காருங்க. கடுதாசிக் கூடையா, ஓலைப்பாயா, உமி கலந்த அடுப்பா, வடகமா, எதுவா இருந்தாலும் சரி. எவ்வளவுக்கு எவ்வளவு, எத்தனை நாள், எங்கே தப்பு வரும் என்று கேட்டு எழுதுங்க. சொன்னவங்க பெயரைப் போடுங்க. கூட்டமைப்புக் கூட்டத்துல மாசம் ஒரு குழு அதைச் செஞ்சு காட்டட்டும். வெளியிலிருந்து பயிற்சி வந்தா போவோம், நல்லாவே கத்துக்குவோம். ஆனா செய்யறதைச் சொல்லிக் கொடுக்கிறப்பவே, "இதை யார் வாங்குவாங்க, என்ன விலைக்கு வாங்குவாங்க?"ன்னு முதல் நாளே கைதூக்கிக் கேப்போம்.

எங்களுக்குக் கத்துக் கொடுத்த அந்த அப்பாயிக்கு இப்ப கண் சரியாத் தெரியலை. ஆனா கூழைக் கையில எடுத்து விரலால நசுக்கிப் பார்த்தே "இன்னும் ஒரு சுத்து ஆட்டு"ன்னு சொல்றாங்க. அது என்ன பதம்னு எழுதத்தான் எனக்கு இன்னும் தெரியலை. அதுக்காக வாரா வாரம் அவங்க பக்கத்துல உட்கார்ந்து, நானும் கூழை நசுக்கிப் பார்த்துக்கிட்டு இருக்கேன்.



இப்படிக்கு,
குழு உறுப்பினர்,
கீழப்பழுவூர்.